அரெஸ்ட் மரம்

சட்டத்தை மதிக்காதவனால் போலீசுக்கு ஒரு மடங்கு தொல்லை என்றால், அளவுக்கு மீறி மதிக்கிறவனால் மூன்று மடங்கு. இது என் கண்டுபிடிப்பு அல்ல. என்னைக் கைது செய்த இன்ஸ்பெக்டர், ஜீப்பில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி சொன்னது.

ஆமாம், நான் ஒருமுறை கைதானவன். (என் மகளை வருங்காலத்தில் பெண் கேட்டு வருகிறவர்கள் இதையும் விசாரித்துக்கொண்டே வரலாம். அவள் இப்போதுதான் ஐந்தாம் வகுப்பு, அவசரமில்லை.)

ஓசூரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் சிவப்பு பெயின்ட் அடித்து ஓரமாகத் தள்ளுவதுதான் பிழைப்பு. எங்கள் கம்பெனித் தரையில் நடக்கிறவர்களுக்கென்று மஞ்சள் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டாமலே வருஷக்கணக்கில் நடந்து பழகியவன், வீட்டிலும் செருப்பு விடுகிற இடத்துக்கு ஒரு மஞ்சள் கோடு போட்டேன். என் மனைவி மஞ்சுளா மறுநாள் காலையில் அதன் மேலேயே கோலம் போட்டுவிட்டாள். எங்கள் குடும்பத்தில் சட்டம் ஒழுங்கின் நிலவரம் அவ்வளவுதான்.

மத்திகிரியில் வாடகைக்கு இருந்துவிட்டு, லோன் போட்டு, கர்நாடக எல்லையை ஒட்டி மலிவாகக் கிடைத்த ஒரு லேஅவுட்டில் வீடு கட்டினோம். பெயர் ராயல் அவென்யூ, பேஸ் டூ. (பேஸ் ஒன் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.) தண்ணீர் வந்தது, கரண்ட் வந்தது, பஸ் மட்டும் வரவில்லை. டவுன் பஸ் ஒரு கிலோமீட்டருக்கு முன்னாலேயே, பால் சொசைட்டி பக்கத்தில் திரும்பிப் போய்விடும். அங்கிருந்து காலனி வரை தைலமரத்தோப்பு. ஒரு விளக்கு கிடையாது.

மஞ்சுளா ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் செகண்ட் ஷிப்ட். எங்கள் காலனியில் பாதிப் பெண்கள் அப்படித்தான். ஷிப்ட் முடிந்து வந்து அந்தத் தோப்பைக் கும்பலாக நடந்து கடப்பார்கள். எனக்கும் நைட் ஷிப்ட் என்றால் கூப்பிடப் போகவும் ஆள் இல்லை. ஒருநாள் எவனோ பைக்கை அணைத்து அணைத்து ஸ்டார்ட் செய்துகொண்டு, தோப்பு முடிகிற வரைக்கும் பின்னாலேயே வந்திருக்கிறான். மறுநாள் மஞ்சுளா சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இந்த மாசத்தோட நின்னுக்கறன்."

அவளுக்கு லைன் லீடர் வேலை தரப்போவதாகப் பேச்சு இருந்த நேரம் அது. ஊரில் இன்னார் மகள், இங்கே என் மனைவி என்று அறியப்பட்டவளை அந்தக் கம்பெனியில்தான் முதன்முதலாக நாலு பேர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் அழவில்லை. நான்தான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

டிப்போவுக்கு ஏற்கெனவே மனு மேல் மனு போட்டிருந்தோம். பதில் எப்போதும் ஒன்றுதான். காலனி வரைக்கும் வந்தால் பஸ் திரும்ப இடமில்லை. திரும்பவேண்டுமானால் காலனி ஆர்ச்சைத் தாண்டி இருக்கிற பெரிய தூங்குமூஞ்சி மரத்தடி மைதானத்துக்குத்தான் போகவேண்டும். அது கர்நாடகா. வெளி மாநிலத்தில் டவுன் பஸ் சக்கரம் வைக்க அதிகாரம் இல்லை. நாங்களும் அதை ஒப்புக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் எல்லையைக் கண்டுபிடிக்க மேப் எதுவும் தேவையில்லை, தார் நிறம் மாறினால் மாநிலம் மாறிவிட்டது என்று அர்த்தம். ஆர்ச்சுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் வெளுத்த ரோடு முடிந்து கருகருவென்று அவர்கள் ரோடு ஆரம்பிக்கும். மரம் கருப்பு ரோட்டுப் பக்கம் இருந்தது.

காலனிக் கூட்டத்தில் ஆர்ப்பாட்டம் நடத்துவது என்று முடிவானது. "போலீஸ் பர்மிஷன் யாரு வாங்கறது?" என்று கேட்டார்கள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் மட்டும் கையைத் தூக்கினேன். மஞ்சுளா என் சட்டையைப் பிடித்து இழுத்தது அப்போது எனக்குப் பெருமையாகப் பட்டது.

ஸ்டேஷனுக்கு அயர்ன் செய்த சட்டையில், ஷூ போட்டுக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். கொஞ்சம் களைத்த மனிதர்.

"கூட்டம் கூடறது உங்க உரிமைங்க. அத நான் குடுக்கவும் இல்ல, எடுக்கவும் முடியாது," என்றார். "எங்க, எந்நேரம், எப்படினு நாலு பேருக்கு எடஞ்சல் இல்லாம பாக்கறதுதான் என் வேலை. எத்தினி பேர் வருவீங்க?"

"ஐந்நூறு, சார்."

காலனியில் இருந்ததே நூற்றிச் சொச்சம் வீடுகள். ஐந்நூறு என்றால் கெத்தாக இருக்குமே என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். காலனி ஆர்ச் முன்னால் மட்டும். ரோட்டை மறிக்கக் கூடாது. மைக் கூடாது. மேடை கூடாது. பகல் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஒவ்வொன்றுக்கும் எனக்குச் சந்தேகம் வந்தது. சார்ட் பேப்பரைச் சுருட்டி வாயில் வைத்துப் பேசினால் அது மைக்கா? குழந்தையைத் தோளில் தூக்கி நின்றால் அந்தக் குழந்தை மேடையில் இருப்பதாகக் கணக்கா? கோஷங்களை எழுதிக்கொண்டு போயிருந்தேன், அதையும் நீட்டினேன். 'பேருந்து விடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்பது முதல் கோஷம்.

"கோஷத்த எங்கிட்ட காட்டணும்னு யாருங்க சொன்னா?"

"தவறா ஏதும் இருந்திடக் கூடாதுன்னுதான், சார்."

"இத எப்படிங்க கத்துவீங்க?" என்றார் அவர். உண்மையிலேயே அக்கறையோடுதான் கேட்டார்.

அந்த நாளும் வந்தது. ஏப்ரல் மாதம். ஓசூர் என்றால் குளிர் என்று மற்ற ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களை ஏப்ரல் பதினொரு மணிக்கு எங்கள் ஆர்ச் முன்னால் நிறுத்தவேண்டும். நான் காலையிலேயே போய், அனுமதிக்கப்பட்ட இடத்தைச் சுற்றி பிளீச்சிங் பவுடரால் கட்டம் போட்டு வைத்திருந்தேன். பழக்க தோஷம். ஐந்நூறு பேரை எதிர்பார்த்து ஒரு வேன் நிறையப் போலீஸ் வந்து இறங்கியது. எங்கள் பக்கத்தில் வந்தது நாற்பது பெண்கள், அவர்களுடைய பிள்ளைகள், பிறகு நான். மற்ற ஆண்களுக்கெல்லாம் அன்றைக்குப் பார்த்து ஓவர்டைம்.

"ஐந்நூறு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"வந்துட்டிருக்காங்க, சார்."

அவர், இங்கே இவ்வளவு பேர் எதற்கு என்று பாதிப் போலீசை வேனோடு திருப்பி அனுப்பினார். மிச்சப் பேர் ஆர்ச் நிழலில் நின்று மோர் குடித்தார்கள். ஒதுங்கலாம் என்றால் எங்களுக்கு ஒரு சாண் நிழல் இல்லை. நான் முதல் கோஷத்தைப் போட்டேன். 'கேட்டுக்கொள்கிறோம்' வரைக்கும் வருவதற்குள் எனக்கே மூச்சு வாங்கியது. திருப்பிச் சொல்ல ஆள் இல்லை.

பக்கத்து வீட்டு ராதம்மா வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்குக்காரர். மனசில் பட்டதை அடுத்த நொடி வாயில் சொல்கிறவர். முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஐயோ ராமா, பஸ்ஸு வர்றதுக்குள்ள நம்ம உசுரு போயிடும் போல. நான் நெழலுக்குப் போறன்," என்று கோட்டைத் தாண்டி, தார் நிறம் மாறுகிற இடத்தையும் தாண்டி, நேராகத் தூங்குமூஞ்சி மரத்தடிக்கு நடந்தார். அவர் பின்னால் இரண்டு பேர் போனார்கள். அப்புறம் எல்லாரும் போனார்கள். பிளீச்சிங் பவுடர் கட்டத்துக்குள் நான் ஒருவன்தான் மிச்சம். பேனரை இரண்டு பக்கமும் பிடிக்கக் கை எட்டவில்லை.

"அங்க ஒண்டியா நின்னு யாருக்குங்க ஆர்ப்பாட்டம் பண்றீங்க?" மஞ்சுளா அங்கிருந்து கத்தினாள். "வாங்க இங்க!"

போனேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கோட்டைத் தாண்டினேன். அது மாநில எல்லையாகவும் அமைந்துவிட்டது.

நிழலுக்குப் போனதும் பெண்களுக்கு உயிர் வந்துவிட்டது. என் பணிவன்புடனைத் தூக்கி எறிந்துவிட்டு, "பஸ்ஸு விடு! காலனிக்கு பஸ்ஸு விடு!" என்று ராதம்மா தொடங்க, கூட்டம் பிடித்துக்கொண்டது. அடுத்து அதையே தெலுங்கில் போட்டார்கள், அதற்கடுத்து கன்னடத்தில். எங்கள் காலனியில் மூன்று மொழியும் எல்லாருக்கும் வரும். எனக்கும் வீரம் ஏறியது. மரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல் புதைந்து கிடந்தது. அதன் மேல் ஏறி நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தேன். (கல் மேடை ஆகாது என்று ஏறும்போதே மனசுக்குள் வாதாடி முடித்திருந்தேன்.)

கன்னட கோஷத்தில்தான் வினை வந்தது. கருப்பு ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது. கர்நாடக போலீஸ் தொப்பி, பெரிய மீசை, வயிற்றை இறுக்கிப் பிடித்த பெல்ட். பக்கத்துச் செக்போஸ்ட்டின் உதவி சப்-இன்ஸ்பெக்டர்.

"ஏன்ரீ இது? பர்மிஷன் இதியா?"

நான் பெருமையோடு அனுமதிக் கடிதத்தை நீட்டினேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தமிழ் அவருக்குப் பேச வரும், படிக்க வராது. முத்திரையை மட்டும் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இது தமிழ்நாடு பர்மிஷன் அல்லவா? நீங்க நிக்கறது கர்நாடகா. இங்க யாரு குடுத்தா?"

நான் கல்லிலிருந்து மெல்ல இறங்கினேன். அதற்குள் எங்கள் இன்ஸ்பெக்டர் ஓடி வந்தார். வந்தவர் வெளுத்த ரோட்டின் கடைசி அங்குலத்தில் டக்கென்று நின்றுவிட்டார். யூனிபார்மோடு அடுத்த மாநிலத்துக்குள் எப்படி வருவார்? அங்கிருந்தே கூப்பிட்டார்.

"ஏங்க, எல்லாரையும் கூட்டிக்கிட்டு இந்தப் பக்கம் வாங்க!"

"வர்றோம் சார், வெயில் எறங்கட்டும்!" என்றார் ராதம்மா.

"சார், நீங்களே கூட்டிட்டுப் போங்க," என்றார் மீசைக்காரர்.

"உங்க எடத்துல இருந்து நான் எப்படி சார் கூட்டிட்டுப் போறது? நீங்கதான் கலைக்கணும்."

"நான் ஒப்பனே சார், ஒரே ஆளு! நாப்பது லேடீஸ்! லேடி கான்ஸ்டபிள் இல்லாம நான் யாரைத் தொடறது? உங்க ஆளுங்க, உங்க பர்மிஷன், உங்க கேசு."

"உங்க மண்ணு, உங்க மரம், உங்க கேசு."

கேஸ் எந்தப் பக்கம் போனாலும் நான்தான் அதில் முதல் பெயர் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனியில் என்ன சொல்வார்கள், லோன் யார் கட்டுவார்கள் என்றெல்லாம் மனசு ஓடியது. மஞ்சுளாவின் வேலையைக் காப்பாற்றக் கிளம்பி என் வேலையையும் சேர்த்துத் தொலைத்துவிட்டேனே! சேலம் ஜெயிலா பெங்களூர் ஜெயிலா என்பது மட்டும்தான் பாக்கி என்று நினைத்தேன். பெங்களூரில் காலையில் இட்லி கொடுப்பார்களா என்றுகூட ஒரு யோசனை ஓடியது.

கடைசியில் இன்ஸ்பெக்டர் எங்கள் ஊர் வி.ஏ.ஓ. அம்மாவுக்குப் போன் போட்டார். அவர் ஸ்கூட்டியில் வந்து, மரத்தைப் பார்த்து, ரோட்டைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார்.

"ரோட்ட வெச்செல்லாம் சொல்ல முடியாது சார். இங்க எங்கியோ எல்லைக்கல் ஒண்ணு இருக்கணும். போன தடவ அளக்க வந்தப்பவே தேடினோம், ஆப்படல. அது கெடச்சா யாரு எடம்னு இப்பவே சொல்லிடறன்."

உடனே ஆர்ப்பாட்டம் தேடல் வேட்டையாக மாறியது. நாற்பது பெண்கள், பிள்ளைகள், மோர் குடித்த போலீஸ் (கருப்பு ரோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும்), மீசைக்காரர் என்று எல்லாரும் குனிந்து செடி கொடியை விலக்கினார்கள். பெண்கள் பாதிப் பேர் எல்லைக்கல்லையும் பாதிப் பேர் சமையலுக்குக் கீரையையும் தேடினார்கள். யாராவது ஒருவர் மேற்பார்வை பார்க்கவேண்டுமே என்று நான் மறுபடி கல்லின் மேல் ஏறினேன். "அந்தப் புதரைப் பாருங்க! இடது பக்கம் யாரும் போகலை! வரிசையாத் தேடுங்க!" என்று கையை நீட்டி நீட்டி உத்தரவு போட்டேன். வெகுநேரம் போட்டேன்.

மஞ்சுளா நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க."

"என்ன?"

"நீங்க எது மேல நிக்கறீங்க?"

இறங்கினேன். வி.ஏ.ஓ. அம்மா ஸ்கூட்டியில் இருந்த தண்ணீர் பாட்டிலை ஊற்றிக் கல்லைத் தேய்த்தார். ஒரு பக்கத்தில் தமிழ் எழுத்து தெரிந்தது. மறுபக்கத்தில் கன்னட எழுத்து. அவர் கல்லுக்குப் பின்னால் நின்று மரத்தைப் பார்த்தார், மைதானத்தைப் பார்த்தார், இன்ஸ்பெக்டரைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"வாங்க சார், தைரியமா வாங்க. மரம், மைதானம் எல்லாமே நம்மளுது. கர்நாடகா இந்தக் கல்லுக்கு அந்தாண்டதான். இவரு ஒருத்தர்தான் ரெண்டு மாநிலத்துலயும் நின்னு பேசியிருக்காரு."

விஷயம் இதுதான். என்றோ ரோடு போட்ட அந்தப் பக்கத்துக் கான்டிராக்டர், தார் மிச்சமானதாலோ மனசு தாராளமானதாலோ, எல்லையைத் தாண்டி எங்கள் பக்கத்திலும் கொஞ்ச தூரம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். எஸ்டிமேட்டுக்கு மேல் ரோடு போட்ட கான்டிராக்டர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும். அந்த மகானை நம்பித்தான் இத்தனை நாளும் நாங்கள் எங்கள் மைதானத்தை அடுத்த மாநிலத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தோம்.

மீசைக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. இரண்டு கையையும் குவித்து எல்லாருக்கும் ஒரு நமஸ்காரம் போட்டுவிட்டு, யாராவது மனசு மாறுவதற்குள் பைக்கை உதைத்துக் கிளம்பிவிட்டார். நானும் துள்ளினேன். பெங்களூர் ஜெயில் கிடையாது! என் மூளை அந்த இடத்தோடு நின்றுவிட்டது. மஞ்சுளாவின் மூளை நிற்கவில்லை. அவள் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றாள்.

"சார், அப்பன்னா பஸ்ஸு இங்க திரும்பலாம் இல்ல?"

கீரைக் கட்டோடு நின்ற பெண்கள் எல்லாரும் அப்படியே நின்றுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மைதானத்தைச் சுற்றி ஒருமுறை கண்ணை ஓட்டினார்.

"ரெண்டு பஸ்ஸு திரும்பலாம்மா," என்றார். ராதம்மா போட்ட விசில் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அனுமதிச்ச எடம் ஆர்ச் முன்னாடி. நீங்க இங்க வந்துட்டீங்க. மேல வரைக்கும் தகவல் போயிடுச்சு, கர்நாடகா போலீஸ் வந்துச்சாமேன்னு கேக்கறாங்க. எத்தினி பேர் கைதுன்னு ஒரு பதில் சொல்லணும்," என்றார்.

சங்கடத்தோடுதான் சொன்னார். கொஞ்சம் பொறுத்திருந்தால் 'எச்சரித்து அனுப்பப்பட்டனர்' என்று அவரே முடித்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. என் நாக்குதான் சும்மா இருக்கவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "பெண்களை விட்டுவிடுங்கள்! அவர்களுக்கு ஷிப்ட் இருக்கிறது! என்னை மட்டும் கைது செய்யுங்கள்!" என்று முழங்கினேன். சே சே, அதெல்லாம் வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன்.

"ரொம்ப நல்லதுங்க. ஏறுங்க," என்றார்.

(நிழலுக்கு நகர்ந்ததற்கெல்லாம் கைது செய்ய முடியுமா, எந்தப் பிரிவு என்று நீ கேட்டிருக்கவேண்டும் என்று வக்கீல் நண்பர் ஒருவர் இன்றும் திட்டுகிறார். எழுதிக் கேட்பது உன் உரிமையடா என்கிறார். நான் அன்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஷூவைக் கழற்றிவிட்டு ஏறணுமா, சார்?)

ஆர்ப்பாட்டத்தில் கைதானால் நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கல்யாண மண்டபத்தில் வைத்து, மதியம் சாப்பாடு போட்டு, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். கும்பலாகப் போனால் அது ஒரு திருவிழா மாதிரி. அத்தனை பெரிய மண்டபத்தில் தனி ஒருவனாகக் கைதாகி உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் கொடுமை தெரியும். முந்தின நாள் நடந்த கல்யாணத்தின் பூ அலங்காரத்தை இன்னும் பிரிக்கவில்லை. மின்விசிறி வேலை செய்த ஒரே இடம் மேடை, விசிறிக்குக் கீழே இருந்த ஒரே நாற்காலி மாப்பிள்ளை நாற்காலி. காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் தக்காளி சாதப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். சாப்பிட்டேன். வெயில், பயம், தக்காளி சாதம் மூன்றும் சேர்ந்ததில் அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனேன்.

ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு மகளோடு வந்த மஞ்சுளா பார்த்தது இந்தக் கோலத்தைத்தான். தலைக்கு மேல் தெர்மாகோலில் யாரோ ஒரு மணமக்கள் பெயர், அதன் கீழே வாயைத் திறந்தபடி நான். எழுப்புவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டாள். சூளகிரியில் இருந்து மாமனார் உடனே போன் செய்தார். "மாப்ள, ரெண்டாங் கல்யாணம்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தலைக்கு மேல பொண்ணு பேரு வேற நல்லாருக்குதே!" என்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தப் போட்டோ மறுபடி வரும்.

ரெண்டு பஸ் திரும்பலாம் என்று சொன்னதோடு இன்ஸ்பெக்டர் விட்டுவிடவில்லை. என்னை விடுவித்த கையோடு, அவரே டிப்போவுக்குப் பேசினார். சர்வேயர் வந்து அளந்து, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, மழைக்காலம் தொடங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது. கருப்பு ரோட்டில் ஏறி, தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி, அது ஒரு வட்டம் அடித்துத் திரும்பியதை நாற்பது பெண்களும் கைதட்டிப் பார்த்தார்கள். மஞ்சுளா வேலையை விடவில்லை. இப்போது அவளுக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள். செகண்ட் ஷிப்ட் முடிந்து அந்த மரத்தடியில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, பெரிய விளக்கு ஒன்று எரிகிறது.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்குத் தீராத பிரச்சினையாகிப்போனது. நிறுத்தத்துக்கு ராயல் அவென்யூ பேஸ் டூ என்று பளபளவென்று போர்டு வைத்திருக்கிறார்கள். ஒருவரும் அப்படிச் சொல்வதில்லை. முதல் நாளே கண்டக்டர் எங்கே இறங்கணும் என்று கேட்டதற்கு ராதம்மா, "அதான்பா, இவர அரெஸ்ட் பண்ணாங்களே, அந்த மரம்," என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து கண்டக்டர் கத்துவது, "அரெஸ்ட் மரம்லாம் எறங்கு!" காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிற ஆண் என்பதால், நானும் தினமும் வாயைத் திறந்து, "அரெஸ்ட் மரம் ஒண்ணு," என்று கேட்டாக வேண்டும்.

போன வாரம் புதுக் கண்டக்டர் ஒருவர் வந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த என் மகளிடம், "ஏம்மா பாப்பா, இந்த ஸ்டாப்புக்கு ஏன் இப்படி ஒரு பேரு?" என்று கேட்டார். பஸ் நிறைய ஆள். நான் வெளியே தைலமரங்களை எண்ணுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"எங்கப்பாவ இங்கதான் போலீஸ் புடிச்சுது," என்றாள். "அதனாலதான் பஸ்ஸே வருது."

"அப்படியா! இன்னா தப்பு பண்ணாரு உங்கப்பா?"

மகள் என்னைப் பார்த்தாள். அப்புறம், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்கிற மாதிரி, பஸ்ஸுக்கே கேட்கிறபடி சொன்னாள்.

"நெழல்ல நின்னாரு!"